பழைய எஸ்யூவி: மலிவு யார் கணக்கில்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு குடும்பம் பெரிய வண்டி வாங்க நினைப்பதற்கு ஆடம்பரம் மட்டும் காரணமில்லை. தாத்தா பாட்டியோடு ஏழு பேரும் ஒன்றாகத் திருவண்ணாமலைக்கோ வேளாங்கண்ணிக்கோ போய்வர வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றாலும் வண்டி நகர வேண்டும். முட்டிவலிக்காரர்கள் குனிந்து இறங்காமல், நேராக ஏறி உட்கார வேண்டும். ஏழு பேர் உட்காரும் புது எஸ்யூவிக்குப் பதினைந்து இருபது லட்சம் ஆகிறது. ஐந்து வருடம் ஓடிய அதே வண்டி பாதி விலையை ஒட்டிக் கிடைக்கிறது. ஆகவே ‘செகண்ட் ஹேண்ட்’ என்ற முடிவு பெரும்பாலும் சரியான முடிவுதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு வண்டிகளில் ஒன்று ஒன்றரை லட்சம் குறைவாக வந்தால், அந்த ஒன்றரை லட்சம் எங்கே போயிற்று? கட்டாத வரியாகவோ, நனைந்த வயரிங்காகவோ, அடைத்துக்கொண்ட ஃபில்டராகவோ, முடிக்காத கடனாகவோ அது அந்த வண்டிக்குள்ளேயேதான் இருக்கும். பழைய எஸ்யூவியில் தெரியும் மலிவு பெரும்பாலும் தள்ளிப்போடப்பட்ட செலவு. வாங்குகிறவர் தேட வேண்டியது அளவையோ பெயரையோ அல்ல, சரிபார்க்கக்கூடிய வரலாற்றை.

நியாயமான விலை எது என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் தேய்மான அட்டவணைப்படி முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், ஓராண்டு நிறையும்போது 15, இரண்டாண்டில் 20, மூன்றாண்டில் 30, நான்காண்டில் 40, ஐந்தாண்டில் 50 சதவீதம் கழியும். சந்தை விலை இதையே பின்பற்றுவதில்லை. இன்னோவா போன்ற வண்டிகள் இதற்கு மேலேயே விற்கும், உற்பத்தியை நிறுத்திய கம்பெனியின் வண்டிகள் கீழே போகும். சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஈகோஸ்போர்ட்டும் எண்டெவரும் தயாரித்த ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் அந்த வண்டிகளின் மறுவிற்பனை மதிப்பு ஆட்டம் கண்டது. இத்தகைய இறக்கம் எல்லோருக்கும் தெரிந்த காரணத்தால் வருவது. அதில் வஞ்சகம் இல்லை. ஆபத்தான இறக்கம், விற்பவருக்கு மட்டும் தெரிந்த காரணத்தால் வருவது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பழைய கார் சந்தையை வைத்து விளக்கியது. வண்டியின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தைக்கு வராமல் ஒதுங்குவார். மிஞ்சுவது மோசமான வண்டிகள். 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்த இந்தச் சிந்தனையின் நடைமுறைப் பாடம் எளிது: வண்டியைப் பற்றி விற்பவர் அறிந்ததை எவ்வளவு தூரம் நாமும் அறிய முடிகிறதோ, அவ்வளவுக்குத்தான் விலை பேச முடியும்.

முத்தியால்பேட்டையில் மறைந்திருக்கும் கணக்குகளில் முதலாவது, எல்லை சார்ந்தது. மகாத்மா காந்தி சாலையில் வடக்கே போனால் சில நிமிடங்களில் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் துண்டு துண்டாக வகுத்த எல்லை, அவர்கள் ஆட்சி முடிந்த 1954க்குப் பிறகும் அப்படியே நின்றுவிட்டதால், அடுத்தடுத்த தெருக்காரர்கள் வெவ்வேறு வரிச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த வாழ்நாள் வரி, ஐந்து லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பதினெட்டு லட்ச ரூபாய் எஸ்யூவிக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் வரி. புதுச்சேரியில் வரி இதைவிட மிகக் குறைவு. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி வெளி மாநிலத்தவர் புதுவை முகவரியில் சொகுசு வண்டிகளைப் பதிவு செய்ததும், கேரளத்தில் 2017இல் திரையுலகப் பிரபலங்கள் சிலர் மீதே அதற்காக வழக்கு வந்ததும் செய்தியானவை. சாதாரணக் குடும்பத்துக்கு இதில் இரண்டு பக்கமும் பாடம் இருக்கிறது. ‘பி.ஒய்.’ என்ற புதுவை எண் கொண்ட வண்டியைக் கோட்டக்குப்பத்துக்காரர் வாங்கினால், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்குப் புது எண் வாங்க வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். முத்தியால்பேட்டைக்காரர் ‘டி.என்.’ வண்டியை வாங்கினால் அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று எடுத்து, இங்கே வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். முதல் ஓனர் தமிழ்நாட்டுக்குக் கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறுவது அலைச்சல் பிடித்த வேலை. ஆகவே இரண்டு விலைகளை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் எது மலிவு என்று தெரியும். அதே ஊர் எண், அதே ஊர் முகவரி உள்ள வண்டி சற்று விலை கூடியிருந்தாலும் கடைசிக் கணக்கில் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

இரண்டாவது கணக்கு, வண்டி ஏற்கெனவே உழைத்து முடித்த காலம். வடக்கிலிருந்து வரும் வண்டிகளில் அது மறைந்திருக்கும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்த பிறகு, அங்கே விலை விழுந்த பெரிய டீசல் வண்டிகள் என்.ஓ.சி. பெற்றுத் தெற்கே வந்தன. பார்வைக்குப் பளபளப்பாக, நான்கு லட்சத்துக்கு ஃபார்ச்சூனரோ எக்ஸ்யூவி 500ஓ கிடைப்பதன் ரகசியம் பல சமயம் இதுதான். பதினைந்து ஆண்டோடு பதிவு முடிகிறது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. பத்தாண்டு ஓடிய வண்டியை வாங்குகிறவர் மீதி ஐந்தாண்டுக்குத்தான் விலை கொடுக்கிறார் என்பதை நினைவில் வைத்தால் ‘நான்கு லட்சம்தானே’ என்ற மயக்கம் தெளியும். மஞ்சள் போர்டாக ஓடிப் பிறகு வெள்ளைப் போர்டுக்கு மாற்றிய வண்டிகள் இன்னொரு வகை. சுற்றுலா ஊரான புதுச்சேரியில் இன்னோவா, எர்டிகா, டவேரா போன்றவை டாக்சியாக ஓடித் தேய்ந்தவை ஏராளம். ஆர்.சி.யில் வாகன வகை மாறிய விவரம், பழைய காப்பீட்டுப் பத்திரத்தில் ‘வர்த்தகப் பயன்பாடு’ என்ற குறிப்பு, கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் கிலோமீட்டர் ஏறிய வேகம் ஆகிய மூன்றும் மீட்டரைவிட நம்பத்தகுந்த சாட்சிகள். மூன்று வருடத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் சர்வீஸ் ஆன வண்டி, ஆறாவது வருடத்தில் எழுபதாயிரம் காட்டினால் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

மூன்றாவது கணக்கு தண்ணீரும் உப்பும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே மூழ்கின. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் இதேதான் நடந்தது; அந்த வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இங்கே வர மூன்று மணி நேரம் போதும். முழுகிய வண்டியைக் கழுவி, சீட் துணி மாற்றி, வாசனை அடித்து நிறுத்திவிட்டால் வெளிப்பார்வைக்குக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சேறு சில இடங்களை விட்டுப் போவதில்லை. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தால், வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் கடைசி முழத்தில் பழுப்பு நிறக் கோடு இருக்கும். ஸ்டெப்னி குழியின் ரப்பர் மூடியைத் தூக்கினால் நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். முன் சீட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளினால் சீட் ரெயிலின் போல்ட் துருப்பிடித்திருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சை போன்ற உப்பு தெரியும். இத்தனையும் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு டார்ச்சும் அரை மணி நேரமும் போதும். மூழ்காத வண்டிக்கும் கடலோரத்தில் உப்புக் காற்றின் தொல்லை உண்டு. வைத்திக்குப்பம், சோலை நகர் பக்கம் வருடக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற வண்டியில் கதவின் அடிவிளிம்பு, பிரேக் பைப், சைலென்சர் இணைப்பு, சஸ்பென்ஷன் ஆர்ம் ஆகியவை முதலில் அரிக்கும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த அடிப்பாகம் பராமரிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம், துருவை மறைத்ததாகவும் இருக்கலாம். லிஃப்டில் ஏற்றி, பூச்சுக்கு மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தால் திடமான தகரம் ஒரு சத்தமும், பட்டி அடைத்த இடம் வேறு சத்தமும் தரும்.

நான்காவது கணக்கு என்ஜினைப் பற்றியது. இதில் குற்றம் விற்பவருடையது என்றும் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் வந்தது. பிடித்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல் கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கும், பள்ளிக்கும், பெரிய மார்க்கெட்டுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்வரும் குடும்ப வண்டி அந்த வெப்பத்தைத் தொடுவதே இல்லை. ஃபில்டர் அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தொடும். மாதம் இருமுறையாவது சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவருக்கு டீசல் பொருந்தும். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோலே மேல். புதுவையில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் குறைவு என்பதும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் பெட்ரோலிலும் ஒரு தேதி முக்கியம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் முதல். அதற்கு முந்தைய வண்டி உடனே கெட்டுவிடாது என்றாலும், மைலேஜ் சற்றுக் குறையும். எரிபொருள் குழாய், ரப்பர் பாகங்களுக்குச் சீக்கிரம் வேலை வரலாம். என்ஜின் அளவுக்கும் தனிச் செலவு இருக்கிறது. 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம் 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், 1,500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய். வாங்கும் விலையில் இதெல்லாம் தெரியாது, வைத்திருக்கும்போதுதான் தெரியும்.

‘பெரிய வண்டி, கனமான வண்டி, குழந்தைகளுக்குப் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கைதான் பல குடும்பங்களை வயதான பெரிய எஸ்யூவியின் பக்கம் இழுக்கிறது. சான்றுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. குளோபல் என்கேப் அமைப்பு 2016இல் மோதிப் பார்த்த, ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2022இல் முற்றிலும் புதிதாக வடிவமைத்த ஸ்கார்ப்பியோ என் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2018இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்திய வண்டியான நெக்ஸான் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவி. எடை காப்பாற்றவில்லை, வடிவமைப்பு காப்பாற்றியது. எனவே ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தைப் பார்ப்பது மிக முக்கியம். 2019 ஏப்ரலுக்குள் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது, 2019 ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், 2019 அக்டோபரில் பழைய மாடல்களுக்கும் மோதல் சோதனை விதி, 2021 முடிவுக்குள் முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக். இரண்டு வருட வித்தியாசம் ஒரு லட்சம் விலையை மட்டுமல்ல, இந்தப் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது. மூன்றாம் வரிசையில் உட்காரப் போவது யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பழைய பொலேரோவிலும் ஸ்கார்ப்பியோவின் சில வகைகளிலும் பின்புறம் எதிரெதிராகப் பார்த்து உட்காரும் பக்கவாட்டு இருக்கைகள்; அங்கே மூன்று முனை பெல்ட் இல்லை. வழக்கமாக அங்கே உட்கார வைப்பது குழந்தைகளைத்தான். விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டியை மலிவாகத் தேற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்: சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், பல்பையே யாரோ கழற்றியிருக்கலாம்.

கடைசிக் கணக்கு காகிதத்தில் இருக்கிறது. சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாளில் தகவல் தர வேண்டும். வாங்கியவர் முப்பது நாளில் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்று 29, 30 படிவங்களோடு வண்டி மூன்று கை மாறுவது நம் ஊரில் சர்வசாதாரணம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பழக்கத்தின் விலையைத் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. இது விற்பவருக்கான எச்சரிக்கை போலத் தோன்றினாலும் வாங்குகிறவருக்கும் உரியது. பதிவு ஓனர் யார் என்று தெரியாத வண்டியை வாங்கினால் பெயர் மாற்றவும் முடியாது, மறுபடி விற்கவும் முடியாது. காப்பீட்டில் மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக வாங்கியவருக்கு வந்துவிடும். நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பாதுகாப்பு, காப்பீட்டு நிறுவனத்தில் பெயர் மாற்றினால்தான் வரும். பதினான்கு நாளுக்குள் அதற்கு விண்ணப்பிக்காமல் விட்டு, அடுத்த வாரம் பம்பர் நொறுங்கினால் செலவு நம்முடையது. ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் அடமானம்) என்று வங்கியின் பெயர் இருந்தால், 35ஆம் படிவமும் வங்கியின் தடையின்மைக் கடிதமும் கைக்கு வரும்வரை முழுப் பணமும் கொடுக்கலாகாது. அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டாலே ஓனர் வரிசை, ஹெச்.பி., காப்பீடு முடியும் நாள், கட்டாத அபராதம் எல்லாம் தெரிந்துவிடுகிற காலத்தில், இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதற்குச் சமாதானம் ஏதுமில்லை.

இதற்கெல்லாம் ஒரே பதிலாக ‘இத்தனை தொல்லைக்குப் புது வண்டியே வாங்கிவிடலாமே’ என்பவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு அந்த வாதம் முன்னைவிட வலுவானது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500 சி.சி.க்குள் அடங்கும் வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாக இறங்கியது. பெரிய எஸ்யூவிக்குச் செஸ் சேர்த்து 50 சதவீதம் வரை இருந்தது 40 ஆனது. பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் புதுக் கடனைவிடக் கூடுதல். ஆகவே இரண்டு வருடம் மட்டும் ஓடிய சிறிய எஸ்யூவியைப் புது விலைக்குச் சற்றே குறைத்துக் கேட்டால், புதியதையே வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் ஏழு பேர் உட்காரும் வண்டியில் இந்த வாதம் எடுபடாது. அங்கே முதல் ஐந்து வருடத் தேய்மானம் மட்டுமே ஏழெட்டு லட்சம், அதை இன்னொருவர் ஏற்கெனவே சுமந்திருக்கிறார். ‘வருடத்துக்கு நான்கு பயணத்துக்குப் பெரிய வண்டி எதற்கு, வாடகைக்கு எடுத்தால் போதாதா’ என்பது இதைவிடக் கூர்மையான ஆட்சேபம். மூன்றாம் வரிசை வருடத்தில் நான்கு முறைதான் நிரம்பும் என்றால் அது முற்றிலும் சரி. அந்தக் குடும்பம் ஐந்து பேர் வண்டியை வாங்கி, கோயில் பயணத்துக்குக் கார் அமர்த்திக்கொள்ளலாம். முத்தியால்பேட்டையின் குறுகிய தெருக்களும் நிறுத்த இடமில்லாத வீடுகளும் அந்த முடிவை ஆதரிக்கும்.

‘நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார், அவர் பார்த்தால் போதும்’ என்பது அடுத்தது. நல்ல மெக்கானிக்கின் காதும் கையும் எந்தக் கருவிக்கும் குறைந்தவையல்ல. ஆனால் அவர் என்ஜினைப் பார்ப்பார், வரியைப் பார்க்கமாட்டார். சஸ்பென்ஷனைச் சொல்வார், ஹெச்.பி.யைச் சொல்லமாட்டார். வண்டி முடிந்தால் புரோக்கரிடம் கமிஷன் வரும் இடத்தில் அவருடைய பார்வைக்கும் ஒரு சாய்வு வரலாம். கார் கன்சல்டிங்கில் வாங்குவது மேலா, நேரடி ஓனரிடம் வாங்குவது மேலா என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். நேரடி ஓனரிடம் வரலாறு கேட்டால் கிடைக்கும். வாங்குவது விற்பது தொழிலாக இல்லாததால் ஜி.எஸ்.டி.யும் இல்லை. பதிவு பெற்ற வியாபாரி தன் லாபத்தின் மீது 2025 ஜனவரி முதல் எல்லா வண்டிக்கும் 18 சதவீதம் வரி கட்டுகிறார். அது விலையில் ஏறும். அந்தக் கூடுதலுக்கு ஈடாக அவர் எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் பழைய வண்டி வியாபாரிக்கு அங்கீகாரச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, தன்னிடம் இருக்கும் வண்டிக்கு அவரையே ஓனராகக் கருதி, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமையையும் கொடுத்தன. அந்தச் சான்றிதழைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்கினால், நேரடி ஓனரிடம் கிடைக்கும் வரலாறும் இல்லை, வியாபாரி தர வேண்டிய பொறுப்பும் இல்லை.

ஆக, முத்தியால்பேட்டைக் குடும்பம் ஒன்றுக்குப் பொருந்தும் வரிசை இப்படித்தான் அமையும். முதலில் எத்தனை பேர், எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு அளவையும் எரிபொருளையும் முடிவு செய்வது; அடுத்து 2020க்குப் பிறகு தயாரான, பி.ஒய். எண் உள்ள, ஒன்று அல்லது இரண்டாம் ஓனரிடம் இருக்கும், சர்வீஸ் ரெக்கார்ட் முழுமையாக உள்ள வண்டிகளை மட்டும் பார்ப்பது. பிறகு டார்ச்சோடு குனிந்து தேடுவது. கடைசியாகத்தான் விலை பேசுவது. இந்த வரிசையில் வரும் வண்டி, பத்து வருடம் பழைய பெரிய பெயருள்ள வண்டியைவிடச் சிறியதாகவும், விலை கூடியதாகவும் இருக்கக்கூடும். அந்தக் கூடுதல் விலை, முந்தைய ஓனர்கள் தங்கள் செலவுகளைத் தாங்களே தீர்த்துவிட்டார்கள் என்பதற்காகக் கொடுப்பது. அதைக் கொடுக்க மனமில்லாதவர் அந்தச் செலவுகளைப் பிறகு வரி அலுவலகத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் கொடுப்பார், பெரும்பாலும் கூடுதலாக.